சாசனமும் கட்டளையும்: பயனர் கணக்குகளை அறிவிப்பு முறையில் அமைத்தல் பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலைப் பிரதேசத்தின் வரலாற்றை ஆராய முற்படுவோர் யாவரும் கோணேசர் கல்வெட்டை ஏதோவொரு கட்டத்தில் எதிர்கொண்டே ஆகவேண்டும். பெயரளவிற் கல்வெட்டாயினும் அது கல்லிற் பொறிக்கப்பட்டதன்று. கவிராச வரோதயன் இயற்றியதாகக் கூறப்படுவதும், செய்யுளும் உரைநடையும் விரவி ஏட்டில் வழங்கிவந்ததுமான ஒரு நூலாகும் அது. குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலை எழுப்பி, கந்தளாய்க் குளத்தை அமைத்து, கோயிற் பணிகளுக்கெனக் குடிகளை வருவித்து இருத்தினான் என்பது அந்நூல் தரும் மரபு. அம்மரபின் வரலாற்றுண்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நூலின் அமைப்பே இங்கு நம் கவனத்துக்குரியது. தானத்தார்க்குரிய உரிமை எது, வரிப்பற்றார்க்குரிய பணி எது, எவரிடமிருந்து எப்பொருள் கோயிலை வந்தடைதல் வேண்டும் என்பனவற்றை அது வகுத்துரைக்கிறது. அன்றன்று நிகழ்ந்தவற்றைப் பதிந்துவைக்கும் நாட்குறிப்பாக அன்றி, என்றும் நிலவவேண்டிய ஓர் ஒழுங்கை எடுத்துரைக்கும் சாசனமாகவே அது அமைந்துள்ளது.

1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு, பிற்காலத்தில் பிரட்றிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அரணைக் கட்டினர். பின்னர் தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகர் கோயில் எழுந்தது. பழைய தொழும்பு முறை அங்கு பேணப்பட்டது. கட்டடம் அழிந்த பின்னரும் யார் எதற்குரியர் என்னும் ஒழுங்கு அழியாமல் வேறிடத்தில் மீண்டும் நிலைபெற்றது. ஒழுங்கானது கட்டடத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுச் சொல்லில் வைக்கப்பட்டிருந்தமை இதற்கு ஒரு காரணம் எனலாம். அதேவேளை, அச்சொல் பிறப்பின் வழிப் பணியை விதித்தது என்பதும், சாதியமைப்பின் இறுக்கத்தை எழுத்தின் அதிகாரம் கொண்டு உறுதிப்படுத்தியது என்பதும் மறக்கற்பாலனவல்ல. எழுதிவைக்கப்பட்ட ஒழுங்கு அழிவினின்றும் காக்கவல்லது. அதுவே மனிதரை இறுக்கிப் பிணிக்கவும் வல்லது. கணினியுலகில் அண்மைக் காலத்திற் பரவிவரும் ஒரு முறையை விளக்குதற்கு இவ்விரு தன்மைகளையும் மனங்கொள்ளல் பயனுடைத்து.

கட்டளை முறை

பலர் பயன்படுத்தும் ஒரு கணினியில் யார் புகலாம், புகுந்தோர் எவற்றைச் செய்யலாம் என்பதை நிருணயிப்பது அதன் பணிசெயல் முறைமையாகும். தமிழகத்தார் இதனை இயங்குதளம் என்பர். ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் கணக்கு உண்டு. அக்கணக்கிற்கு ஒரு பெயரும், ஓர் எண்ணும், ஓர் இல்லக் கோப்பகமும், சார்ந்திருக்கும் குழுக்களும், அடையாளத்தை மெய்ப்பிக்கும் கடவுச்சொல் முதலியனவும் உண்டு.

நிலாவெளிக்கு அணித்தாயுள்ள கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. அத்தகைய ஒரு வளாகத்தில் நாற்பது கணினிகளைக் கொண்ட ஆய்வுகூடம் ஒன்றை உதாரணத்தின் பொருட்டு மனத்திற் கொள்வோம். வழமையான முறைப்படி முறைமை நிருவாகி ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து, 'இப்பயனரைச் சேர்', 'இவருக்குக் கடவுச்சொல் கொடு', 'இவரை இக்குழுவில் இடு', 'அவரை நீக்கு' என ஏவுகிறார். ஒவ்வோர் ஏவலும் முன்னிருந்த நிலையைச் சற்றே மாற்றுகிறது. மூன்றாண்டு கழியுமுன் நாற்பது கணினிகளும் நாற்பது விதமாக இருக்கும். பட்டம் பெற்றுச் சென்ற மாணவரின் கணக்கு இருபத்தேழாம் கணினியில் மாத்திரம் எஞ்சியிருக்கும். ஒரு விரிவுரையாளருக்கு ஒருநாள் அவசரத்தின் பொருட்டு அளிக்கப்பட்ட மேலதிகாரம் மீளப் பெறப்படாமலே கிடக்கும்.

1969ஆம் ஆண்டளவிற் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ் மரபில், பயனர் விபரங்கள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பிலே, ஆளுக்கொரு வரியாக இடம்பெறுவன. வரி ஒன்றுக்கு ஏழு கூறுகள். அக்கோப்பைத் திறந்து நோக்கின் இன்று யார் உளர் என்பது தெரியும். ஏன் உளர், எவர் சேர்த்தார், எப்போது நீங்கவேண்டியவர் என்பன தெரியா. விளைவு இருக்கிறது, காரணம் இல்லை. கட்டளை முறையின் அடிப்படைக் குறைபாடு இதுவே. துறைமுக வாயிலிற் காவல்புரியும் ஒருவர் மேலதிகாரிகளின் வாய்மொழி ஏவல்களை மாத்திரம் நினைவிற்கொண்டு ஆட்களை உள்ளே விடுவாராயின், அவர் பணிமாறிச் செல்லும் நாளில் வாயிலின் விதியும் அவருடனேயே சென்றுவிடும்.

அறிவிப்பு முறையின் தோற்றம்

இக்குறைபாட்டை நீக்கும் முயற்சிகளுள் முன்னோடியானது, 1993இல் ஒஸ்லோவில் மார்க் பேர்ஜஸ் உருவாக்கிய சிஎஃப்எஞ்சின் என்னும் மென்பொருளாகும். செய்யவேண்டிய படிகளைக் கூறாது, அடையவேண்டிய நிலையைக் கூறினாற் போதும். இயந்திரம் தன் இப்போதைய நிலையை அதனுடன் ஒப்பிட்டு வேறுபாட்டைத் தானே நிரப்பிக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. ஆயினும் அம்முறையில் அறிவிக்கப்படாத பகுதிகள் அப்படியே விடப்பட்டன. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டொல்ஸ்ட்ரா 2003ஆம் ஆண்டளவில் தொடங்கி, 2006இற் கலாநிதிப் பட்ட ஆய்வாக முன்வைத்த நிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன்மேற் கட்டப்பட்ட நிக்ஸ்ஓஎஸ் என்னும் முறைமையில் மென்பொருள்கள், சேவைகள், பயனர் கணக்குகள், உள்நுழைவு விதிகள் ஆகியன ஒரே அறிவிப்பிலிருந்து பிறப்பிக்கப்படுகின்றன. 2012இல் லூதோவிக் கூர்ட்டெஸ் தொடங்கிய குனூ கீக்ஸ் இதே கருத்தை வேறொரு நிரலாக்க மொழியில் வளர்த்தெடுத்தது. பின்வரும் விளக்கம் நிக்ஸ்ஓஎஸ்ஸை ஆதாரமாகக் கொண்டது.

'நூலகம்' என்னும் பெயரில் ஒரு கணக்கு வேண்டுமெனக் கொள்வோம். அறிவிப்புக் கோப்பில் எழுதப்படுவதைத் தமிழ்ப்படுத்திக் கூறின் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்: 'நூலகம் என்னும் பயனர் உளர்; அவர் வழமையான பயனர்; அவருடைய முழுப்பெயர் இது; அவர் இவ்விரு குழுக்களுக்கு உரியர்; அவருடைய பொதுத் திறவி இது.'

இவ்வாக்கியங்களின் வினைமுடிபை நோக்குக. முன்னைய முறையில் வந்த 'சேர்', 'கொடு', 'நீக்கு' என்பன ஏவல் வினைகள். அவற்றுக்கு முன் பின் உண்டு. இருமுறை கூறின் விளைவு மாறுபடக்கூடும். 'உளர்', 'உரியர்' என்பனவோ நம் இலக்கணகாரர் குறிப்பு வினைமுற்று என வகுத்தவை. காலத்தை வெளிப்படையாகக் காட்டாதவை. எத்தனை முறை கூறினும் பொருள் வேறுபடாதவை. கணினி விஞ்ஞானிகள் நீண்ட விளக்கங்களால் நிறுவ முயலும் வேறுபாடு தமிழ் மாணவனுக்கு வினையியலிலேயே கிடைத்துவிடுகிறது. ஒரே அறிவிப்பை நாற்பது கணினிகளுக்கும் கொடுக்கலாம். ஒன்று பழுதுற்றுப் புதியதொன்று வந்தால் அதற்கும் அதே அறிவிப்பு. கல் போயினும் ஒழுங்கு மீளும்.

ஒன்றிணைத்தலும் பதிலிடலும்

அறிவிப்பிற்கு அப்பால், முன்போலக் கட்டளை மூலமும் கணக்குகளைச் சேர்க்கவோ மாற்றவோ விடலாமா என்பது அடுத்த வினா. இதனை ஒரேயொரு அமைப்பு நிருணயிக்கிறது. அது 'ஆம்' என்னும் நிலையிலிருந்தால் (வழமையாக அந்நிலையிலேயே இருக்கும்), அறிவிப்பிற் கண்ட கணக்குகளும் கையாற் சேர்க்கப்பட்ட கணக்குகளும் ஒன்றிணைக்கப்படும். ஏற்கெனவே உள்ள கடவுச்சொற்கள் மாற்றப்படா. அறிவிப்பில் எழுதப்படும் தொடக்கக் கடவுச்சொல் கணக்கு முதன்முறை தோன்றும்போது மாத்திரமே பயன்படும். 'இல்லை' என்னும் நிலையில் வைத்தாலோ, அறிவிப்பைச் செயற்படுத்துந்தோறும் பயனர் கோப்பும் குழுக் கோப்பும் முற்றாகப் பதிலிடப்படும். கையாற் சேர்த்தவர் மறைவர். பயனர் தாமே மாற்றிய கடவுச்சொல்லும் அறிவிப்பின்படி பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டாவது நிலையே தூய்மையானது என வாதிப்போர் பலர். ஒரு சேவையகத்தைப் பொறுத்தவரை அவர்கள் கூறுவது சரியே. மாணவர் ஆய்வுகூடத்துக்கு அது பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ளும் உரிமை சிறியதொன்றன்று. நிருவாகியின் கையிலிருந்து ஒருவனுடைய அந்தரங்கம் விடுபடும் ஒரே இடம் அதுவாகும். அவ்வுரிமையை ஒழுங்கின் பேராற் பறித்தலைத் தொழினுட்பச் சிக்கனமாக மாத்திரம் கொள்ளவியலாது.

முற்றாகப் பதிலிடும் நிலையில் வேறோர் அபாயமும் உண்டு. நிருவாகி தம்மையே பட்டியலிற் சேர்க்க மறந்துவிடலாம். அல்லது சேர்த்தும் கடவுச்சொல்லோ திறவியோ குறிக்காது விடலாம். அவ்வாறாயின் கணினிக்குள் எவருமே நிருவாகியாகப் புகமுடியாது. இதனை முன்னுணர்ந்து, தலைமைக் கணக்கிற்கோ நிருவாகக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கேனுமோ புகுவழி இல்லாத அறிவிப்பை நிக்ஸ்ஓஎஸ் ஏற்க மறுக்கிறது. செயற்படுத்துமுன் முழு அறிவிப்பையும் படித்துப் பிழைகாணும் வாய்ப்பு அறிவிப்பு முறைக்கே உரியது. ஏவலை ஒவ்வொன்றாக நிறைவேற்றும் முறையில், கதவைச் சாத்திய பின்னரே திறப்பு உள்ளே இருப்பது தெரியவரும்.

மறைபொருளை எங்கே வைப்பது?

அறிவிப்பு முறையிற் பயில்வோர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதலாம் எனக் கேட்டவுடன் கடவுச்சொல்லையும் அதிலேயே எழுதிவிடுகின்றனர். நிக்ஸ் முறைமையில் அறிவிப்பிலிருந்து பிறப்பிக்கப்படுவன அனைத்தும் 'ஸ்டோர்' எனப்படும் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. அக்களஞ்சியம் அக்கணினியின் பயனர் எவரும் படிக்கத்தக்கது. அதில் இடப்பட்ட கடவுச்சொல் மறைபொருளாகாது.

இத்தகைய ஆபத்தின் வரலாறு பழையது. 1960களில் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் கோர்பட்டோ குழுவினர் அமைத்த சீற்றீஎஸ்எஸ் முறைமை, கடவுச்சொல்லைக் கணினியிற் பயன்படுத்திய முதல் முறைமைகளுள் ஒன்று. 1966இல் ஒருநாள் அதில் உள்நுழைந்தோர் அனைவர்க்கும், அன்றைய வரவேற்புச் செய்திக்குப் பதிலாகப் பயனர் அனைவரதும் கடவுச்சொற் பட்டியல் அச்சிட்டுக் காட்டப்பட்டது. இரு கோப்புக்களும் ஒரேவேளையிற் திருத்தப்பட்டபோது, அவற்றின் தற்காலிகப் பிரதிகள் ஒரே பெயரைப் பெற்றமையே காரணம். யுனிக்ஸ் இதனாற் கடவுச்சொல்லை வைக்காது, அதிலிருந்து கணித முறையாற் பெறப்பட்டதும் மீண்டும் சொல்லாக மாற்றுதற்கு அரியதுமான மறைகுறியை மாத்திரம் வைத்தது. அதுவும் போதாது, எளிய சொற்களை ஒவ்வொன்றாகப் பரீட்சித்து மறைகுறிக்குரிய சொல்லைக் கண்டுபிடிக்கலாம் என 1979இல் றொபேட் மொறிஸும் தொம்சனும் காட்டினர். காலப்போக்கில் மறைகுறிகள் தலைமைக் கணக்கு மாத்திரமே படிக்கத்தக்க தனிக் கோப்பிற்கு மாற்றப்பட்டன.

ஆகவே நிக்ஸ்ஓஎஸ்ஸில் மறைகுறியை அறிவிப்பில் எழுதுதலும் விரும்பத்தக்கதன்று. களஞ்சியத்துக்கு வெளியே, காவலுள்ள ஒரு கோப்பில் அதனை வைத்து, அக்கோப்பு இருக்கும் இடத்தை மாத்திரம் அறிவிப்பிற் குறித்தல் வேண்டும். இதனினும் சிறந்த வழி இணைத் திறவிகளைப் பயன்படுத்துவதாகும். பொதுத் திறவியை ஊரறிய எழுதிவைக்கலாம். அதற்கிணையான அந்தரங்கத் திறவி பயனரிடம் மாத்திரம் இருக்கும். தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான எஸ்எஸ்எச் சேவையிற் கடவுச்சொல்லை அறவே மறுத்துத் திறவியை மாத்திரம் ஏற்குமாறும், தலைமைக் கணக்கு நேரடியாகப் புகாதவாறும் இரண்டு வரிகளால் அறிவித்துவிடலாம். நூலகப் பட்டியலைக் காட்டுதற்கு மாத்திரம் வைக்கப்பட்ட கணினியில் எவ்விதக் கடவுச்சொல்லுமின்றி ஒரு கணக்கு தானாகவே உள்நுழையுமாறு செய்வதற்கும் ஒரு வரி போதும்.

அதிகாரம் எழுத்தில் வருதல்

யுனிக்ஸ் மரபில் நிருவாக அதிகாரம் பெறுவோரின் குழுவிற்குச் 'சில்லு' எனப் பொருள்படும் வீல் என்னும் பெயர் வழங்குகிறது. செல்வாக்குடையவரைப் 'பெரிய சில்லு' என்னும் ஆங்கிலப் பேச்சுவழக்கிலிருந்து அது வந்தது. ஒருவருடைய பெயர் அக்குழுவில் இருக்குமாயின் அவர் தம் கடவுச்சொல்லை மீண்டும் கூறித் தலைமை அதிகாரத்துடன் எதனையும் செய்யலாம். கட்டளை முறையில் இவ்வதிகாரம் ஒரு நொடியில், பிறர் அறியாமல் அளிக்கப்படுவதொன்று. அறிவிப்பு முறையில் அது ஒரு வரியாக எழுதப்பட்டாக வேண்டும். அக்கோப்பை 2005இல் தோன்றிய கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் வைத்தால், எவ்வரியை எவர் எந்நாளிற் சேர்த்தார், என்ன காரணம் காட்டினார் என்பனவும் நிலைத்திருக்கும். விளைவுடன் காரணமும் சேர்ந்தே பேணப்படுகிறது.

எனினும் எழுத்திலிருப்பது யாவும் வெளிப்படையானது எனக் கொள்ளுதல் பேதைமை. டொக்கர் என்னும் மென்பொருளுக்குரிய குழு சாதாரணமானதொன்று போலத் தோன்றும். அதில் இடம்பெறுபவரோ நடைமுறையிற் தலைமைக் கணக்கிற்கு நிகரான அதிகாரம் உடையவர். வரியைப் படித்தவர்க்கும் அதன் கனம் தெரிவதில்லை. கோணேசர் கல்வெட்டின் சொற்களுக்குப் பின்னால் நின்ற நிலவுரிமை உறவுகளை நூலைப் படித்த மாத்திரத்தில் உணரவியலாதது போன்றதே இதுவும்.

மேலும், கோணேசர் கல்வெட்டினாற் பணி விதிக்கப்பட்டோர்க்கு அதனைத் திருத்தும் உரிமை இருந்ததில்லை. நமது ஆய்வுகூடத்தின் அறிவிப்பை மாணவரும் படிக்கலாம். ஒரு திருத்தத்தை எழுதி முன்மொழியவும் செய்யலாம். மறைபொருள் அதில் இல்லாதவரை அதனை மறைப்பதற்கு நியாயம் எதுவுமில்லை. நிறுவனங்கள் பெரும்பாலும் அதனைச் செய்வதில்லை. அங்ஙனம் செய்யாமைக்குத் தொழினுட்பம் பொறுப்பன்று.

முந்திய தலைமுறைக்கு மீளல்

நிக்ஸ்ஓஎஸ்ஸின் பெருமையாகப் பேசப்படுவது, செயற்படுத்தப்பட்ட ஒவ்வோர் அறிவிப்பும் ஒரு 'தலைமுறை'யாகப் பேணப்படுவதாகும். புதிய அமைப்புப் பிழைக்குமாயின் கணினியைத் தொடக்கும்போதே முந்திய தலைமுறையைத் தெரிவுசெய்யலாம். கணக்குகளைப் பொறுத்தவரை இவ்வசதி கவனமாகக் கையாளற்பாலது. சென்ற மாதம் நீக்கப்பட்ட ஒருவரின் பெயர் அதற்கு முந்திய தலைமுறையில் உண்டு. அத்தலைமுறைக்கு மீள்வோமாயின் அவரும் மீள்வார். அவருடைய பழைய திறவியும் மீண்டும் கதவைத் திறக்கும். ஆகவே ஒருவரை ஐயத்தின் பேரில் நீக்கிய பின்னர், அவர் இடம்பெற்ற பழைய தலைமுறைகளையும் அழித்துவிடுதல் வேண்டும். நன்மையும் தீமையும் நினைவாற்றலுக்குப் பொதுவே.

பட்டியலினின்று நீங்கியோர்

பட்டியலில் இருப்பதும் இல்லாதிருப்பதும் இம்மாவட்ட மக்களுக்கு வெறும் எழுத்துப் பிரச்சினையாக இருந்ததில்லை. வாக்காளர் இடாப்பு, குடும்ப அட்டை, மீள்குடியேற்றப் பதிவு என ஒவ்வொன்றிலும் பெயரிருத்தல் வாழ்வோடு பிணைந்தது. 2006இற் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த மக்களிற் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்தை மீண்டும் மிதிக்க முடிந்தது. பெயரை நீக்குதல் எளிது. நீங்கியவர் திரும்பி வரும்போது முன்னைய இடத்தை அவருக்குக் காட்டுவதே அரிது. கணினியின் பட்டியலை ஆராயும்போதும் இவ்வினாவைத் தவிர்க்கவியலாது.

அறிவிப்பினின்று ஒரு வரியை அழித்துச் செயற்படுத்தினால், அப்பயனரின் கணக்கு நீங்கும். ஒன்றிணைக்கும் நிலையிலுங்கூட, அறிவிப்பால் உண்டாகிய கணக்கு அறிவிப்பினின்று நீங்கியதும் நீங்கவே செய்யும். ஆனால் அவருடைய இல்லக் கோப்பகம் அழிக்கப்படுவதில்லை. கட்டுரைகள், தரவுகள், கடிதங்கள் அனைத்தும் அங்கேயே கிடக்கும். கோப்புக்களில் உரிமையாளராகப் பொறிக்கப்பட்டிருப்பது பெயரன்று, எண். வழமையான பயனர்க்கு 1000 முதலாக வழங்கப்படும் எண். அவ்வெண் புதியவர் ஒருவருக்குக் கொடுக்கப்படுமாயின், முன்னவரின் கோப்புக்கள் யாவும் அவருடையனவாகிவிடும். பழைய யுனிக்ஸ் முறைமைகளில் இவ்வாறு நேர்ந்ததுண்டு. இதனைத் தவிர்ப்பதற்கு நிக்ஸ்ஓஎஸ் ஒரு சிறு பதிவேட்டைத் தனியே வைத்திருக்கிறது. எப்பெயருக்கு எவ்வெண் ஒருமுறை வழங்கப்பட்டதென அது குறித்துவைத்துக்கொள்ளும். தானாக எண் வழங்கும்போது நீங்கியவரின் எண்ணைப் பிறர்க்குக் கொடாது. அதே பெயர் என்றேனும் அறிவிப்பில் மீண்டும் எழுதப்படுமாயின் அதே எண்ணே வழங்கப்படும். இல்லக் கோப்பகத்திற் கிடப்பவை மீண்டும் அவருடையனவாகும்.

இப்பதிவேடு அறிவிப்புக் கோப்பின் பகுதியன்று. அந்தந்தக் கணினியிலேயே தங்கியிருப்பது. வன்தட்டுப் பழுதுற்று, அறிவிப்பை மாத்திரம் கொண்டு கணினியைப் புதிதாக அமைத்தால், பெயர்கள் அனைத்தும் மீளும். எண்கள் முன்னையனவாகவே அமையும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் நீண்டகாலம் பேணப்படவேண்டிய கணக்குகளுக்கு எண்ணையும் அறிவிப்பிலேயே வெளிப்படையாக எழுதிவிடுதல் நன்று. நாற்பது கணினிகளும் ஒரே பொதுக் களஞ்சியத்திலுள்ள கோப்புக்களைப் பகிர்ந்துகொள்ளும் ஆய்வுகூடத்தில் இது கட்டாயமாகின்றது. எட்டாம் கணினியில் 1012 ஆக இருப்பவர் ஒன்பதாம் கணினியில் 1015 ஆக அமைவாராயின், அங்கே தம் கோப்புக்களைத் தாமே திறக்கவியலாதவராவார்.